பட்டியலில் விடுபட்ட வீடு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. ஒரு வாரம் கழித்து, அந்த வட்டாரத்துச் சேரி ஒன்றுக்கு அரிசியும் தார்ப்பாயும் எடுத்துக்கொண்டு போன மாணவர் குழுவில் நானும் இருந்தேன். சாலையில் விழுந்து கிடந்த மரங்களை வெட்டி ஒதுக்கியிருந்தார்கள். ஊர்த்தெரு வரைக்கும்தான். அங்கிருந்து சேரிக்குப் பிரியும் பாதையில் புளியமரம் ஒன்று விழுந்தபடியே குறுக்கே கிடந்தது. மூட்டைகளைத் தோளில் வைத்து அதன்மேல் ஏறி இறங்கித்தான் உள்ளே போனோம்.

அங்கே ஒரு சிறுமியைப் பார்த்தேன். ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில். மின்சாரமும் இல்லை, செல்போன் கோபுரமும் இல்லை. அவர்களோடு பேசி ஏழு நாளாகிவிட்டது. கண் சரியாகத் தெரியாத ஆயாவும் ஆறு வயதுத் தம்பியும் இவள் பொறுப்பில் இருந்தார்கள். பறந்துபோன கூரையின் கீற்றுகளைத் தெருத்தெருவாகப் பொறுக்கிவந்து, பழைய புடவையைக் கிழித்துக் கட்டி, பாதிச் சுவருக்கு மேல் ஒரு மறைப்புப் போட்டிருந்தாள். நனைந்த ரேஷன் அரிசியைச் சாக்கில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் தார்ப்பாயை நீட்டியபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எங்களுக்கு வேணாண்ணா. இருக்கு" என்றாள்.

எனக்கு மெய்சிலிர்த்தது. சிக்னல் கிடைத்த இடத்துக்கு வந்ததும் முகநூலில் அவளைப் பற்றி எழுதினேன். 'புயலுக்கும் வளையாத நாணல்' என்று தலைப்பு வேறு வைத்தேன். நூற்றுக்கணக்கானோர் அதைப் பகிர்ந்தார்கள். மறுநாள் அதே தெருவுக்குப் போனபோது, அவளுடைய அத்தை முறையுள்ள ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீங்க எல்லாரும் அவள மெச்சிக்கிட்டு இருக்கீங்க தம்பி. அவளுக்கு மூணு நாளாக் காய்ச்சல் அடிக்குது. ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறந்து சொல்லல."

ஏழு ஆண்டுகளாகியும் அந்த முகநூல் பதிவை நினைத்தால் கூசுகிறது. காய்ச்சலில் நின்ற ஒரு குழந்தையை நான் தன்னம்பிக்கைக் கதையாக்கியிருந்தேன். ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் நம் ஊடகங்களும் நம் சமூக வலைதளங்களும் இதைச் செய்கின்றன. தம்பியைத் தோளில் சுமந்த அக்கா, வெள்ளத்தில் புத்தகப்பையைக் காப்பாற்றிய சிறுவன், யாரிடமும் கையேந்தாத மூதாட்டி. 'மீண்டெழும் திறன்' என்று ஆய்வுலகமும் இதற்கொரு பெயர் வைத்திருக்கிறது. அந்தக் குழந்தைக்கு இவ்வளவு திறன் எதற்காகத் தேவைப்பட்டது என்ற கேள்வியை மட்டும் நாம் கேட்பதில்லை.

அவள் ஏன் மறுத்தாள் என்பதை அந்த அத்தைதான் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு மழையில் வீடு ஒழுகியபோது, ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் பழைய துணி கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு பாவாடையை இவள் பள்ளிக்கு உடுத்திப் போயிருக்கிறாள். அந்த வீட்டுப் பிள்ளை அதே வகுப்பு. "இது எங்க அக்கா பாவாட" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறது. பொய் இல்லை, அதனால் இவளால் பதில் சொல்லவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து பாவாடையை அடுப்பில் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து எதைக் கொடுத்தாலும் 'இருக்கு' என்ற ஒரே பதில்தான்.

இந்தப் பதில் நமக்குப் புதிதல்ல. கல்வி உதவித்தொகைக்காக வகுப்பில் சாதிப் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்ன நாளில், நம்மில் எத்தனையோ பேர் எழாமல் உட்கார்ந்திருக்கிறோம். விடுதி மாணவன் என்று தெரிந்துவிடக் கூடாதென்று கல்லூரி வாசலில் வேறு திசையில் நடந்திருக்கிறோம். ஆய்வுக் கட்டுரையில் திணறும்போதும் நெறியாளரிடம் உதவி கேட்காமல் ஒதுங்கியிருக்கிறோம். கேட்டால், 'கோட்டாவில் வந்தவர்தானே' என்ற பார்வை வந்துவிடுமோ என்ற அச்சம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வைராக்கியமாகத் தெரியும். உள்ளே இருப்பது காயம்.

சாதியச் சமூகத்தில் கொடுப்பதும் வாங்குவதும் வெறும் பொருள் பரிமாற்றமாக இருந்ததே இல்லை. யார் யாருக்குக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாம், எந்தக் கோலத்தில் நின்று வாங்க வேண்டும் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. மேலிருந்து ஊற்றப்படும் தண்ணீரைக் குவித்த கைகளில் வாங்கிக் குடிக்க வேண்டும். தீபாவளிக்குப் பழைய வேட்டி, இழவு வீட்டில் மிச்சச் சோறு, அறுவடைக்குப் பின் பதரோடு கலந்த நெல். வாங்குகிறவர் குனிந்தபடியே இருக்கும்வரை இங்கே தாராளத்துக்குக் குறைவிருந்ததில்லை. எதிர்த்திசையில் ஒரு கவளம் சோறுகூடப் போக முடியாது என்பதும் அதே விதிகளில் ஒன்று. 2023-இல் கரூரிலும் தூத்துக்குடியிலும், அரசுப் பள்ளிக் காலை உணவுத் திட்டத்தில் தலித் பெண்கள் சமைக்கிறார்கள் என்பதற்காகத் தம் பிள்ளைகளைச் சாப்பிடக் கூடாதென்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் மாவட்ட ஆட்சியரும் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக்காட்ட வேண்டியிருந்தது. உதவியை ஏற்கக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் யார் என்று கேட்டால், நான் முதலில் அந்தப் பெற்றோரைத்தான் காட்டுவேன்.

பேரிடர் இந்த விதிகளை அழித்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வெள்ளத்துக்குச் சாதி தெரியாது என்பார்கள். வெள்ளத்துக்குத் தெரியாமல் இருக்கலாம். வெள்ளம் வடிகிற தாழ்ந்த நிலத்தில் யாரைக் குடிவைத்தோம் என்பது நமக்குத் தெரியும். வாய்க்கால் புறம்போக்கிலும் குளக்கரையிலும் பட்டா இல்லாமல் இருப்பது யார் என்பது கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரியும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அவர்களில் 6,000 பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். மீனவ மக்கள் இழந்ததுதான் மிக அதிகம். அந்தத் துயரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அதே கடற்கரையை நம்பி மீன் சுமந்தும், கருவாடு விற்றும், வயலிலும் உப்பளத்திலும் கூலி செய்தும் பிழைத்த தலித் மக்களும் பழங்குடி இருளர்களும் கணக்கெடுப்புகளில் விடுபட்டார்கள். படகுக்கும் வலைக்கும் இழப்பீட்டுக் கணக்கு இருந்தது. சுமைக்கூலிக்கு இல்லை. முகாம்களில் சேர்ந்து தங்கவிடாததும், குடிநீர்த் தொட்டியைத் தொடவிடாததும் அப்போதே செய்திகளாகவும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளாகவும் வெளிவந்தன. அழுகத் தொடங்கிய உடல்களை எடுக்க மட்டும் நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளம் வடிந்த பிறகு மலைமலையாகக் குவிந்த குப்பையை அள்ளவும் வெளி மாவட்டங்களிலிருந்து அவர்களையே லாரிகளில் ஏற்றி வந்தார்கள். பெருநகரம் அவர்களிடம் உதவி பெற்றது. அதை உதவி என்று யாரும் சொல்லவில்லை; அவர்கள் 'வேலை' என்றார்கள்.

கஜாவிலும் இதே கதைதான். சாய்ந்த தென்னைக்கு மரத்துக்கு இவ்வளவு என்று நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அது தேவையான அறிவிப்பு; தென்னையை நம்பி வாழ்ந்த சிறு விவசாயிகள் நொடிந்துபோனார்கள். அந்த மரத்தில் ஏறித் தேங்காய் பறித்தவருக்கும், மட்டை உரித்தவருக்கும், கீற்று முடைந்த பெண்ணுக்கும் மரம் விழுந்த அன்றே வேலையும் விழுந்தது. மரம் அவர்கள் பெயரில் இல்லாததால் இழப்பும் அவர்கள் பெயரில் இல்லை. உடைமையை மட்டுமே இழப்பாகக் கணக்கிடும் முறையில், தலைமுறைகளாக உடைமை மறுக்கப்பட்டவர்கள் எதையும் இழக்காதவர்களாகிவிடுகிறார்கள். நிவாரண லாரி ஊர்முனையிலேயே நின்றுவிடுவதற்குப் புளியமரம் மட்டுமே காரணமில்லை.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் அந்தச் சிறுமியின் 'இருக்கு' ஒரு அரசியல் சொல். அதற்கு ஒரு மரபும் உண்டு. 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில், சவுதார் குளத்துக்கு நடப்பதற்கு முன்பு, அம்பேத்கர் தம் மக்களிடம் செத்த மாட்டின் இறைச்சியையும் வீடுவீடாக வாங்கும் மிச்ச உணவையும் விட்டுவிடச் சொன்னார். பசித்தாலும் மிச்சத்தை வாங்காதே என்பதும், பொதுக்குளத்து நீரைக் கேட்காமலே அள்ளிக் குடி என்பதும் ஒரே மாநாட்டில் ஒலித்தன. பிச்சையை மறுத்த அதே கை உரிமையை எடுத்துக்கொண்டது. நமது சுயமரியாதையின் இரண்டு கால்கள் இவை. ஒரு காலில் மட்டும் நிற்கப் பழகிய குழந்தைகளை நாம் நிறைய வளர்த்துவிட்டோம் என்பதுதான் என் கவலை.

அம்பேத்கர் தாமே உதவி பெற்றவர்தான். 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில்தான் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1920-இல் அவர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது கோலாப்பூரின் சாகு மகாராஜா பணம் தந்தார். அதே ஆண்டு லண்டன் படிப்பைத் தொடரப் பார்சி நண்பர் நவல் பத்தேனாவிடம் கடன் வாங்கினார். இவை எதையும் அவர் மறைக்கவில்லை, எதற்காகவும் அவர் தம் குரலைத் தாழ்த்திக்கொள்ளவும் இல்லை. இன்னொரு பாடமும் இதில் இருக்கிறது. படிப்புக்கு உதவிய அதே பரோடாவில் பணியில் சேர்ந்தபோது அவருக்குத் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளை அவர் மேசைமீது வீசினார்கள். ஒரு மனிதருக்கு உதவி செய்வதும் சாதியை அப்படியே விட்டுவைப்பதும் ஒரே சமயத்தில் நடக்கக்கூடியவை. எனவே உதவியை வாங்குவதா வேண்டாமா என்பதோடு கேள்வி முடிவதில்லை. அந்த உதவி நம்மை எங்கே நிற்கவைக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எங்கள் நாகை மண்ணுக்கு இது நன்றாகவே தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கூலித் தொழிலாளர்கள் பண்ணையாரிடம் தானம் கேட்டிருந்தால் ஏதோ கொஞ்சம் கிடைத்திருக்கும். அவர்கள் சங்கம் வைத்துக் கூலியை உயர்த்திக் கேட்டார்கள். தருமத்தைச் சகித்துக்கொள்ளும் சாதி, உரிமையைச் சகிக்காது என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை.

நிவாரணம் தருமமல்ல. மாநிலப் பேரிடர் நிதியில் முக்கால் பங்கு ஒன்றிய அரசுடையது, கால் பங்கு மாநில அரசுடையது. தீப்பெட்டியும் சோப்பும் வாங்கும் ஒவ்வொருவரும் செலுத்தும் வரி அதில் இருக்கிறது. அந்தச் சிறுமியின் அப்பா திருப்பூரில் குடிக்கும் தேநீருக்கான வரியும் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. சட்டமே வந்து சொல்ல வேண்டிய அளவுக்கு அந்தப் பாகுபாடு வழக்கமாக இருந்திருக்கிறது என்று இதைப் படிக்கலாம். நிவாரணத்துக்குப் பொய்க் கணக்குக் காட்டினால் என்ன தண்டனை என்று அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பாகுபாடு காட்டினால் என்ன தண்டனை என்று 61-ஆம் பிரிவு சொல்லவில்லை.

சட்டம் பேசுகிற மொழியில் ஒரு பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம் பேச முடியாது. "இது உன் உரிமை, வாங்கிக்கொள்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு அரிசியைத் துழாவப் போய்விட்டாள். அவளை மாற்றியது என் பேச்சு அல்ல.

மூன்றாம் நாள் அந்தத் தெருப் பெண்கள் ஒன்றுகூடி, வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்ட விறகில்லை, ஒரே அடுப்பாகப் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். நாங்கள் கொண்டுபோன அரிசி பருப்போடு அவரவர் வீட்டில் மிஞ்சியதையும் கொட்டினார்கள். சாய்ந்த முருங்கையிலிருந்து கீரை வந்தது. தலைக்கட்டுப் பட்டியல் எழுத, கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அவளைக் கூப்பிட்டார்கள். நோட்டும் பேனாவுமாகத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, வீட்டுக்கு எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, மாத்திரை சாப்பிடுகிறவர் உண்டா என்று கேட்டு எழுதிவந்தாள். அத்தை எண்ணிப் பார்த்தார். நாற்பத்தைந்து வீடு இருந்தது. தெருவில் நாற்பத்தாறு.

"ஒன் வூடு எங்கடி?"

பதில் இல்லை.

அத்தை திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. "பட்டியல் எழுதுனவ வூட்டுக்குச் சோறு போகலன்னா, சமைச்ச எங்களுக்கு என்னடி மரியாத?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிட்டார்.

அன்று அவள் சாப்பிட்டாளா என்று நான் பார்க்கவில்லை. மறுநாள் காலை புதிதாக எழுதிய பட்டியலில் அவள் வீடு இருந்தது. கடைசியில் ஒட்டவைத்ததாக இல்லை. தெருவில் எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையில், பத்தொன்பதாவதாக இருந்தது. பிற்பகல் யாருடைய வண்டியிலோ பின்னால் உட்கார்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். முந்தின நாள்வரை யாரும் தொட்டுப் பார்க்க விடாத நெற்றியை அத்தை தொட்டுப் பார்க்கவும் விட்டாள்.

அந்த அடுப்படியில் நின்றபோது எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அவள் வெறுத்தது உதவியை அல்ல. மேலே ஒரு கை, கீழே ஒரு கை என்ற ஏற்பாட்டை வெறுத்தாள். பக்கவாட்டில் நீண்ட கையைப் பிடிக்க அவளுக்கு இரண்டு நாள்தான் தேவைப்பட்டது. வாங்குகிறவளாக மட்டும் இல்லாமல் எழுதுகிறவளாகவும், எண்ணுகிறவளாகவும், யாருக்கு என்ன தேவை என்று தெரிந்தவளாகவும் அவள் அந்தப் பந்தியில் உட்கார்ந்தாள்.

இதிலிருந்து நாம் கேட்க வேண்டியவை உண்டு. நிவாரணம் வழங்கும் இடம் சேரிக்குள்ளும் இருக்க வேண்டும். பயனாளர் பட்டியலை அந்தத் தெருப் பெண்களோடு உட்கார்ந்து தயாரித்து, எந்தக் குடியிருப்புக்கு எவ்வளவு போனது என்று தெரியும்படி பொதுவில் ஒட்ட வேண்டும். மரத்துக்கும் படகுக்கும் தருவதுபோல் இழந்த கூலி நாட்களுக்கும் இழப்பீடு வேண்டும். பட்டா இல்லை என்பது நிவாரணத்தை மறுக்கக் காரணமாகக் கூடாது. 61-ஆம் பிரிவை மீறும் அலுவலருக்குத் தண்டனை வேண்டும். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. சொல் போகிற வேகத்தில் லாரியும் அங்கே போக வேண்டும்.

நிவாரணப் பணிக்குப் போகும் நம் தோழர்களுக்கும் சில சொல்ல வேண்டும். குழந்தை கையில் பொட்டலத்தைக் கொடுக்கும்போது படமெடுக்காதீர்கள். உங்கள் அலமாரியில் கிடக்கும் பழைய துணியை மூட்டை கட்டாதீர்கள். வாங்க முடிந்தால் புதிது வாங்குங்கள், முடியாவிட்டால் கூரை வேய ஒரு நாள் உழைப்பைக் கொடுங்கள். அவர்கள் போடும் தேநீரை வாங்கிக் குடியுங்கள். 'வேணாம், இருக்கு' என்று சொல்லும் குழந்தையைப் பார்த்தால் வியந்து எழுதுவதற்கு முன் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள்.

நாமே அந்தக் குழந்தையாக இருந்தவர்கள் என்றால், இன்னும் கொஞ்சம் கடினமான வேலை இருக்கிறது. எல்லாவற்றையும் தனியாகச் சமாளிப்பதை நம் அடையாளமாக வைத்திருக்கிறோம். பல்கலைக்கழக விடுதி அறைகளில் அந்த அடையாளத்தோடு மூச்சுமுட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். யாரிடமும் கேட்கக் கூடாது என்று நமக்குக் கற்றுக்கொடுத்தது எது என்பதை நினைத்துப் பார்க்கலாம். சாதி நம்மைக் குனியவைக்கப் பார்த்தது, நாம் குனியவில்லை. அதற்கு விலையாக ஒருவரை ஒருவர் சாய்ந்துகொள்வதையும் விட்டுவிட்டால் அது சாதிக்கு லாபம்.

சென்ற ஆண்டு பருவமழையின்போது அவளிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்றாள். "நாப்பத்தாறு தார்ப்பாய் வேணும்ணா. உங்களால எத்தன முடியும்னு சொல்லுங்க, மிச்சத்த வேற எடத்துல கேக்குறேன். தாசில்தாருக்கு மனு எழுதியிருக்கேன். வாட்ஸப்புல அனுப்புறேன், அந்த அறுபத்தொண்ணாம் பிரிவ நான் எழுதியிருக்கறது சரியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

மனு வந்தது. பிரிவைச் சரியாகத்தான் எழுதியிருந்தாள். இணைப்பில் குடும்பத் தலைவர்களின் பெயர்கள் இருந்தன. நான் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தாறும் இருந்தன.